கொலம்பஸ், இண்டியானா: புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

முதல் வேலை, ஊர்ப் பெயரைச் சரிபார்ப்பது. அமெரிக்காவில் கொலம்பஸ் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. எல்லாரும் அறிந்தது ஓஹாயோ மாநிலத் தலைநகர். கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனிக்கோ, அதைச் சுற்றிப் பிழைக்கும் கம்பெனிகளுக்கோ வேலைக்கு வருகிறீர்கள் என்றால் உங்கள் ஊர் அதுவல்ல, இண்டியானாவில் இருக்கும் சின்னக் கொலம்பஸ். என் சித்தப்பா எங்களைப் பார்க்க வந்தபோது டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விமான நிலையப் பெட்டியில் 'கொலம்பஸ்' என்று அடித்தால் ஓஹாயோதான் வரும். நாங்கள் இண்டியானாபோலிஸ் விமான நிலையத்துக்குப் பாதி வழி போயிருப்போம், "இறங்கிட்டேம்மா, யாரையும் காணோமே" என்று போன் வந்தது. அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தால், பெட்டி மேல் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுக்க வேண்டியது இண்டியானாபோலிஸுக்கு. அங்கிருந்து தெற்கே ஐ-65 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 68ஆம் எக்ஸிட்டில் சாலைக்கு மேலே சிவப்பு இரும்பு வளைவு தெரிந்தால் ஊர் வந்துவிட்டது.

2020 கணக்கெடுப்பில் ஊரின் ஜனத்தொகை 50,474. நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி. பார்த்தலோமியூ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைமையிடம் இதுதான். சுற்றிலும் சோளமும் சோயாவும். நடுவில் உலகம் முழுக்க டீசல் இன்ஜின் விற்கும் ஒரு கம்பெனி. 1919ல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற மெக்கானிக், தான் கார் ஓட்டிக்கொண்டிருந்த வங்கிக் குடும்பத்தின் பணத்தை வைத்து ஆரம்பித்தது. அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஜே. இர்வின் மில்லர்தான் இந்த ஊரின் முகத்தை மாற்றினார். 1950களில் ஊருக்குப் பள்ளிக்கூடங்கள் தேவைப்பட்டன. 'நாங்கள் தரும் பட்டியலிலிருந்து நல்ல கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுக்கும்' என்றார். ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப்பள்ளி 1957ல் வந்தது. அதன் பிறகு பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள், தபால் அலுவலகம் என்று வரிசையாக வந்தன.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டடக்கலை படிக்கிறவர்கள் ஜப்பானிலிருந்தெல்லாம் வந்து போட்டோ எடுக்கும் கட்டடங்களில்தான் உங்கள் அன்றாட வேலைகள் நடக்கப்போகின்றன. பிள்ளை படிக்கும் பள்ளியும் நீங்கள் புத்தகம் எடுக்கும் லைப்ரரியும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆனால் நம்மவர்களில் பலர் கம்பெனி, அப்பார்ட்மென்ட், இந்திய மளிகைக் கடை என்று மூன்று இடங்களுக்குள்ளேயே சுற்றிவிட்டு, 'இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லைங்க' என்று இரண்டு வருடத்தில் டெக்ஸாஸுக்கு மாறிவிடுவார்கள். நானும் முதல் எட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன். கணவரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் எச்-4 விசா, வேலை கிடையாது, கார் ஓட்டத் தெரியாது, வெளியே பனி. கீழே இருப்பதெல்லாம் அந்த எட்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான்.

வீடு பார்க்கும்போது

வாடகை, பள்ளி, கம்பெனிக்கு எவ்வளவு தூரம் என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: '2008ல் இங்கே தண்ணீர் வந்ததா?'

டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்று இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இவை போதாதென்று கிழக்குப் பக்கம் ஹா கிரீக் என்றொரு ஓடை. கோடையில் பார்த்தால் குழந்தைகள் காலை நனைத்து விளையாடும் அளவுதான் தண்ணீர் இருக்கும். 2008 ஜூன் 7ஆம் தேதி அந்த ஓடைதான் பொங்கி ஊர் மருத்துவமனைக்குள் புகுந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனை சில மாதங்கள் மூடிக் கிடந்தது. பழைய ஆட்கள் இன்றைக்கும் 'வெள்ளத்துக்கு முன்னால்', 'வெள்ளத்துக்குப் பின்னால்' என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ள சேதம் சேராது, அதற்குத் தனிப் பாலிசி. வீடு வாங்குகிறவர்கள் ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு தரும் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் முதல் மாடி நல்லது. சாமான் ஏற்றும்போது திட்டுவீர்கள், பரவாயில்லை.

சரக்கு ரயில் பாதையும் ஊருக்குள்ளேயே போகிறது. ராத்திரி ஹாரன் சத்தத்தில் தூக்கம் போய்விடும் என்றால் பாதைக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாலாட்டாக இருக்கலாம்.

முதல் வாரமே லைப்ரரி

வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளியோ ராஜர்ஸ் மெமோரியல் லைப்ரரிக்குப் போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) வரட்டும், லைசென்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லைப்ரரிக் கார்டுக்கு அடையாளமும் முகவரிச் சான்றும்தான் முக்கியம். ஊர்க்காரர்களுக்குக் காசு கிடையாது.

ஐந்தாவது தெருவில் சிவப்புச் செங்கல் கட்டடம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்த ஐ.எம். பெய்தான் இதையும் வடிவமைத்தார். 1969ல் திறந்தார்கள். முன்னால் செங்கல் பாவிய பெரிய முற்றம், அதன் நடுவே சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவு ஒன்று, பச்சை பாரித்து, இருபது அடி உயரத்துக்கு நிற்கிறது. தொடக்கூடாது என்று பயந்து நான் முதல் தடவை சுற்றிக்கொண்டு போனேன். அந்தச் சமயம் ஒரு பாட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு அதற்குள்ளே நுழைந்து நேராகக் கதவுக்குப் போனார். அவர் பின்னாலேயே இரண்டு பையன்கள் வெண்கலத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே ஓடினார்கள். சரி, நடக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் புரிந்தது. எதிரே தெரியும் உயரமான கடிகாரக் கோபுரம் ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச். எலியல் சாரினென் வடிவமைத்து 1942ல் கட்டி முடித்தது. அவர் மகன் ஈரோ சாரினென் வரைந்த வங்கியும் கூப்பிடு தூரத்தில்தான். இப்போது அது கம்மின்ஸின் கூட்ட அரங்கு.

லைப்ரரியில் புத்தகம் மட்டும் இல்லை. குழந்தைகளுக்குக் கதை நேரம் இருக்கிறது. பிரிண்ட் எடுக்கலாம், இந்த ஊரில் உங்களுக்கு அடிக்கடி வேண்டியது அதுதான். வரி தாக்கல், ஆங்கில வகுப்பு, ஊர் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் தகவல் ஒட்டியிருப்பார்கள். மேஜையில் இருப்பவரிடம் 'நான் ஊருக்குப் புதுசு' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், கையில் நாலு காகிதத்தோடுதான் அனுப்புவார். ஆங்கிலம் கூச்சமாக இருக்கிறது என்கிற அம்மாக்களுக்கு: மெக்டவல் என்ற பழைய பள்ளிக் கட்டடத்தில் பெரியவர்களுக்கான கல்வி மையம் இருக்கிறது. ஆங்கில வகுப்பைப் பற்றி அங்கே விசாரியுங்கள்.

எண், லைசென்ஸ், கார்

சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு, வந்து இறங்கிப் பத்து நாளாவது கழித்துப் போவது நல்லது. இமிகிரேஷன் பதிவு அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும். நீங்கள் நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து நாலைந்து பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் கேட்பார்கள். வேலை அனுமதி இல்லாத எச்-4 காரர்களுக்கு இந்த எண் தரமாட்டார்கள். அதனால் அந்த அலுவலகத்துக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். 'இவருக்குத் தகுதி இல்லை' என்று அவர்கள் தரும் கடிதம் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

இண்டியானாவில் ஆர்.டி.ஓ.வுக்குப் பெயர் பி.எம்.வி. குடிவந்து 60 நாளுக்குள் இங்கத்திய லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட், விசா ஆவணங்கள், சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது அந்தக் கடிதம், முகவரிக்கு இரண்டு சான்றுகள். சான்று இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்ததாக இருக்கட்டும்: ஒன்று கரண்ட் பில், ஒன்று பேங்க் ஸ்டேட்மென்ட். அதனால் வீடு எடுத்ததும் ஏதாவது ஒரு பில்லை மனைவி பெயரிலும் போட்டுவிடுங்கள். எல்லாமே கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்குச் சான்று தேடி அலைய வேண்டும். நாங்கள் அலைந்தோம்.

கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, அப்புறம் ஓட்டிக் காட்டுவது. எழுத்துத் தேர்வுக்கு 50 கேள்விகள். அதில் 16 சாலைக் குறியீடுகள். ஓட்டுநர் கையேட்டை இரண்டு முறை படித்தால் தாண்டிவிடலாம். ஓட்டும் தேர்வில் பேரலல் பார்க்கிங் (சாலையோரம் இரண்டு வண்டிக்கு நடுவே நிறுத்துவது) கேட்பார்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பார்க்கிங்கில் குப்பைத்தொட்டி இரண்டை வைத்துப் பழகுங்கள். இந்திய லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் கொண்டு வாருங்கள்.

நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஸ்டாப் பலகையில் வண்டி முழுசாக நிற்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு போவது நிற்பதாகாது. இரண்டாவது, மஞ்சள் பள்ளிப் பேருந்து. அது சிவப்பு விளக்கைப் போட்டுப் பக்கவாட்டில் ஸ்டாப் கையை நீட்டினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் எல்லா வண்டியும் நின்றாக வேண்டும். பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும். அவசரம், பார்க்கவில்லை என்ற பேச்சே எடுபடாது. ஊரே உங்களை முறைக்கும்.

கார் வரும்வரை கொலம்பஸ் என்ற பெயரிலேயே சிலேடையாக ஓடும் நகரப் பேருந்து உண்டு, ஆங்கிலப் பெயரின் கடைசி மூன்று எழுத்தை (BUS) மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். சில வழித்தடங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அதை நம்பி வேலைக்குப் போவது கஷ்டம். லைப்ரரி, டவுன்டவுன், வால்மார்ட் என்று பகலில் போய்வரத் தாராளமாக நம்பலாம். நான் ஊரைக் கற்றுக்கொண்டது அதன் ஜன்னல் சீட்டில்தான்.

பள்ளி

இங்கே எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் உங்கள் முகவரிதான் முடிவு செய்கிறது. எல்லாம் பார்த்தலோமியூ கன்சாலிடேட்டட் என்ற ஒரே அமைப்பின் கீழ். பெரிய உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு: நார்த், ஈஸ்ட். இரண்டும் ஃபுட்பால் ஆடும் நாளில் எந்தப் பக்கம் என்று ஆபீஸிலேயே கேட்பார்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள், வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

பள்ளி ஆண்டு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். செப்டம்பர் என்று நினைத்துக்கொண்டு ஊரிலிருந்து தாமதமாக வருகிறவர்கள் பலர். தடுப்பூசி அட்டை ஆங்கிலத்தில், தேதிகளோடு, டாக்டர் கையெழுத்தோடு வேண்டும். நம் ஊரில் பலர் போடாமல் விடுவது சின்னம்மை தடுப்பூசியும் ஹெப்படைட்டிஸ் ஏ ஊசியும். இங்கே இரண்டும் கேட்பார்கள். கிளம்பும் முன்பே போட்டுவிட்டால் செலவும் அலைச்சலும் மிச்சம். பிசிஜி ஊசி போட்டவர்களுக்குக் காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்தால் சில சமயம் தடித்துவிடும். பதறாமல் பிசிஜி போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள், அடுத்து ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

இன்னொன்று. ஊர் கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஜனவரியில் எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும். ஆறு வயதுக் குழந்தை கும்மிருட்டில் பேருந்துக்கு நிற்பதைப் பார்த்து முதல் வாரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை வைத்த பை வாங்கிக் கொடுங்கள். இதற்கு வட்டியும் முதலுமாக ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், குழந்தைகளைத் தூங்க வைக்க முடியாது.

உடம்புக்கு

நோய் வந்த பிறகு டாக்டர் தேடாதீர்கள். இன்ஷூரன்ஸ் அட்டை வந்த அன்றே ஒரு குடும்ப டாக்டரிடம் புதிய நோயாளியாகப் பதிவு செய்யுங்கள். முதல் சந்திப்புக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் அர்ஜன்ட் கேர். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால்தான் எமர்ஜென்சி. இரண்டுக்கும் பில்லில் வித்தியாசம் மடங்குக் கணக்கில் இருக்கும். பல்லுக்குத் தனி இன்ஷூரன்ஸ். கண்ணுக்கும் தனி. சொத்தைப் பல்லை ஊரிலேயே அடைத்துக்கொண்டு வாருங்கள்.

சாப்பாடு

அரிசி பருப்புக்குக் கவலை வேண்டாம், ஊரிலேயே இந்தியக் கடை உண்டு. பெரிய கடை வேண்டுமென்றால் இண்டியானாபோலிஸ் போகும் வழியில் கிரீன்வுட். அங்கே சீக்கியர்கள் நிறைய இருப்பதால் கடைகளும் நிறைய. கோயிலுக்குப் போகிற நாளில் ஒரேயடியாக வாங்கிவிடுவோம், கோயிலும் இண்டியானாபோலிஸில்தான். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதால் தடை. விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

விற்பனை வரி 7 சதவீதம், பலகையில் போட்ட விலைக்கு மேல் சேரும். சமைக்காத மளிகைக்கும் காய்கறிக்கும் வரி கிடையாது. கோடையில் சனிக்கிழமை காலை டவுன்டவுனில் உழவர் சந்தை. தக்காளி அங்கேதான் தக்காளி மாதிரி புளிக்கும். சோளக்கதிரை அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே வேகவைத்துச் சாப்பிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் இனிப்பு போய்விடும் என்று கடைக்காரரே கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்.

வெளியே சாப்பிட ஒரு இடம் சொல்ல வேண்டுமென்றால் வாஷிங்டன் தெருவில் ஸஹராகோஸ். கிரீஸிலிருந்து வந்த சகோதரர்கள் 1900ல் ஆரம்பித்த ஐஸ்கிரீம் கடை. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வாங்கி வந்த கல் சோடா ஃபவுன்டன் இன்னும் அங்கே நிற்கிறது. பேண்டு வாத்தியம் முழுவதையும் தானே வாசிக்கும் ஒரு பெரிய பழைய இயந்திரமும் உண்டு. சைவக்காரர்களுக்குச் சாப்பாட்டில் பெரிதாக ஒன்றும் தேறாது, ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மனிதர்கள்

இண்டியானாக்காரர்கள் தங்களை ஹூசியர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. கடை வரிசையில் உங்கள் மேல் லேசாக இடித்தால் 'ஓப்' என்பார்கள். அது மன்னிப்பு. கிராமச் சாலையில் எதிரே வரும் டிரக்குக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அது வணக்கம். திருப்பி நீங்களும் தூக்குங்கள். 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்று சொன்னால் அது பேச்சுக்கு. தேதியும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு.

அழைப்பில் 'பிட்ச்-இன்' என்ற சொல் வந்தால் கவனியுங்கள். மற்ற மாநிலங்களில் பாட்லக் என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் என் கணவர் முதல் முறை வெறும் கையோடு போய்த் திரும்பிய கதை வீட்டில் இன்னும் ஓடுகிறது. அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரரின் சர்ச்சில் நடந்த பிட்ச்-இன்னுக்கு நான் எலுமிச்சை சாதம் எடுத்துப்போனேன். நீள மேஜை, வரிசையாக ஸ்லோ குக்கர்கள், எல்லாவற்றின் ஒயர்களும் ஒரே பிளக் கட்டையில் பின்னிக்கிடந்தன. பாத்திரங்களைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதியிருந்தது. நம் ஊரில் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே வேலைதான். என் பாத்திரத்தின் முன்னால் ஒரு வயதான அம்மா நின்று, இந்த மஞ்சள் இனிப்பா என்று கேட்டார். இல்லை, புளிப்பு என்றேன். நிலக்கடலை இருக்கிறதா என்றார். அப்போதுதான் உறைத்தது, அங்கே ஒரு குழந்தைக்குக் கடலை அலர்ஜி. உடனே ஒரு காகிதத்தில் என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதி முன்னால் வைத்தோம். அதிலிருந்து சீட்டு எழுதாமல் எங்கேயும் சாப்பாடு கொண்டுபோவதில்லை. நீங்களும் எழுதுங்கள்: கடலை, முந்திரி, காரம் எவ்வளவு. அந்த அம்மா இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார். மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்று நம்மவர்கள் சிலர் சர்ச் பக்கமே போக மாட்டார்கள். என்னை யாரும் எதற்கும் வற்புறுத்தியதில்லை. ஜெபம் செய்யும்போது சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்மின்ஸுக்குப் புனேயில் 1962 முதல் தொழில் இருக்கிறது. அதனால் இந்த ஊர் இந்தியர்களில் மராத்திக்காரர்கள் கை ஓங்கியிருக்கும். விநாயகர் சதுர்த்தி அமர்க்களப்படும். பொங்கலுக்கு நாம்தான் யார் வீட்டிலாவது கூட வேண்டும். இந்தி தெரியாவிட்டால் முதலில் கொஞ்சம் ஒட்டாது. நான் ஆங்கிலத்திலேயே பேசினேன், அவர்களும் மாறிக்கொண்டார்கள்.

குளிர், சைரன்

கோட்டை இந்தியாவில் வாங்காதீர்கள். அங்கே கனமாக இருப்பது இங்கே காற்றுக்குத் தாங்காது. நவம்பருக்கு முன் இங்கேயே வாங்குங்கள், கோட்டைவிட ஷூவுக்கு அதிகம் செலவழியுங்கள். வழுக்கி விழுவதுதான் இங்கத்திய குளிர்கால நோய்.

பனி கொட்டும் நாளில் கவுண்டி நிர்வாகம் நிறம் அறிவிக்கும். மஞ்சள் என்றால் பார்த்துப் போ. ஆரஞ்சு என்றால் அவசியமானால் மட்டும் போ. சிவப்பு என்றால் அவசரகாலப் பணியாளர்களைத் தவிர யாரும் சாலைக்கு வரக்கூடாது. பள்ளிக்கு 'இரண்டு மணி நேரத் தாமதம்' என்ற செய்தி அதிகாலையில் போனுக்கு வரும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு யார் வீட்டில் பிள்ளையை விடுவது என்று அக்டோபரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் சூறாவளி சைரன். வெயில் அடிக்கும் பகலில் ஊதினால் பெரும்பாலும் சோதனை. வானம் பச்சையாகக் கறுத்திருக்கும்போது ஊதினால் யோசிக்காமல் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போங்கள். பேஸ்மென்ட் இல்லாத வீட்டில் குளியலறை. போனில் 'வாட்ச்' என்று வந்தால் வரலாம் என்று அர்த்தம், 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது. பால்கனிக்குப் போய் வீடியோ எடுக்கிறவர்கள் நம்மவர்களில்தான் அதிகம்.

பனிக்காலத்தில் வீட்டில் அடைபட்ட குழந்தைகளுக்கு டவுன்டவுனில் காமன்ஸ் என்ற பொது மண்டபம். உள்ளே ஏறி விளையாடப் பெரிய அமைப்பு ஒன்று, இலவசம். ஜான் டிங்குலி செய்த ஏழு டன் இரும்புச் சிற்பமும் அங்கேதான் இருக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. மோட்டார் ஓடும்போது உருண்டைகள் தடதடவென்று உருளும். என் மகள் அதற்கு 'உடைஞ்ச மிக்ஸி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அப்பா அம்மா வரும்போது

மே முதல் அக்டோபருக்குள் வரச் சொல்லுங்கள். கிளம்பும் முன் பயணிகள் மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவர்களால் கார் ஓட்ட முடியாது. பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆகையால் அவர்களாக நடந்து போக ஓர் இடம் வீட்டருகே வேண்டும். பீப்பிள் டிரெயில் என்ற நடைபாதை ஊரைச் சுற்றிக் கிளை கிளையாக ஓடுகிறது. எந்தப் பேட்டையில் இருந்தாலும் ஒரு முனை பக்கத்தில் வரும். ஆற்றோரம் மில் ரேஸ் பூங்கா உண்டு. வசந்தத்தில் அந்தப் பூங்காவுக்குள் ஆறு ஏறும், அதற்குத் தகுந்த மாதிரிதான் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிற்கும் நாளில் மட்டும் விட்டுவிடுங்கள். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது மேற்கே பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போவீர்கள். எல்லாரும் போவார்கள். சனி ஞாயிறில் 46ஆம் எண் சாலை தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பரம் மாதிரி நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள்.

என் மாமனாருக்குப் பிடித்தது 1874ல் கட்டிய கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்திலுள்ள போர் நினைவிடம். உயரமான சுண்ணாம்புக் கல் தூண்கள் 25, நெருக்கமாக நிற்கும். நடுவில் நடந்து போனால், போருக்குப் போன இந்தக் கவுண்டிப் பையன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கல்லில் வெட்டியிருக்கும். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பார். தினமும் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு தூணைப் படித்துவிட்டு வருவார். மழை பெய்தால் எதிர் வீட்டு ஜான்சனிடம் குடை வாங்கிக்கொள்வார். இருவருக்கும் பொது மொழி ஏறக்குறைய கிடையாது. நாங்கள் சாயங்காலம் வரும்போது இருவரும் ஜான்சன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தக்காளிச் செடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருப்பார்கள்.